தீயணைப்பு பம்புக்கு எத்தனை ஸ்கொயர் எம்எம் கேபிள்?

சாதாரண மோட்டாருக்குக் கேபிள் எடுப்பவர் ஓடும் கரன்ட்டைக் கணக்குப் பார்த்து, கேட்லாக்கில் அதைத் தாங்கும் அளவைத் தேர்ந்தெடுப்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். தீயணைப்பு பம்புக்கு அப்படிச் செய்தால், ஒவ்வொரு நாளும் சரியாக இருப்பதுபோல் தெரியும் கேபிள், பம்ப் ஸ்டார்ட் எடுக்கும் முதல் சில நொடிகளில் கைவிட்டுவிடும்.

நிமிடத்துக்கு 2850 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஹெட்டில் (அவ்வளவு உயரம் ஏற்றுவதற்குச் சமமான அழுத்தத்தில்) தள்ளும் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 75 கிலோவாட் மோட்டார். 415 வோல்ட், மூன்று ஃபேஸில் ஓடும் கரன்ட் சுமார் 128 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய மெயின் பேனலிலிருந்து பம்ப் ரூம் வரை கேபிள் 200 மீட்டர் போக வேண்டும்.

கேபிள் ஓடும் கரன்ட்டின் 125 சதவீதத்தையாவது தாங்க வேண்டும் என்பது முதல் கணக்கு. அதாவது 160 ஆம்பியர். 70 ஸ்கொயர் எம்எம் அலுமினிய எக்ஸ்எல்பிஇ ஆர்மர்டு கேபிள் (பிளாஸ்டிக் காப்பும் உலோகக் கவசமும் உள்ளது) இதைத் தாங்கும் என்று கேட்லாக் சொல்லும். ஜாக்கி பம்பும் (குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய பம்ப்) இதே ஃபீடரில், அதாவது இதே சப்ளை லைனில், இருந்தால் அதன் கரன்ட்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். டிரேயில் மற்ற கேபிள்களோடு ஒட்டிப் போனால் தாங்கும் திறன் குறையும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலே இனிமேல்தான்.

மோட்டாருக்கு நேரடியாகச் சப்ளை கொடுத்த கணத்தில் அது ஆறரை மடங்கு, சுமார் 830 ஆம்பியர் இழுக்கும். அப்போது பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.3தான். 70 ஸ்கொயர் எம்எம் கேபிள் சூடான நிலையில் கிலோமீட்டருக்கு 0.568 ஓம் தடையும் சுமார் 0.075 ஓம் ரியாக்டன்ஸும் (ஏசி கரன்ட்டுக்குக் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) கொண்டது. கணக்குப் போட்டால் 200 மீட்டரில் ஏறத்தாழ 70 வோல்ட் காணாமல் போகிறது. அது 16.8 சதவீதம். அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பில் தீயணைப்பு பம்புக்கென்றே உள்ள 695ஆம் பிரிவு, ஸ்டார்ட் நேரத்தில் கன்ட்ரோலர் (பம்பை ஸ்டார்ட் செய்யும் பேனல்) முனையில் வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது என்கிறது. முழு லோடு கரன்ட்டின் 115 சதவீதத்தில் ஓடும்போது மோட்டார் முனையில் 5 சதவீதம்தான் எல்லை. நம் கேபிளில் அதுவும் 6.5 சதவீதம் வருகிறது.

ஏன் 15? கான்டாக்டரின் (மோட்டாருக்குச் சப்ளையை இணைக்கும் காந்த சுவிட்ச்) காயில் தன் வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தாலே இழுத்துக்கொள்ளும்படி செய்யப்படுகிறது. அதற்குக் கீழே உறுதி கிடையாது. வோல்டேஜ் இன்னும் அடியில் போனால் கான்டாக்டர் விட்டுவிடும், லோடு நின்றதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கும், மறுபடி விடும். பேனலுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் 800 ஆம்பியரில் பொறி பறந்து, கடைசியில் கான்டாக்ட் முனைகள் ஒட்டிக்கொள்ளும் அல்லது தீய்ந்துபோகும். இன்னொரு பக்கம், மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 85 சதவீத வோல்டேஜில் 72 சதவீத விசைதான் கிடைக்கும்.

அப்படியானால் கேபிளைப் பெரிதாக்கினால் போயிற்று என்று தோன்றும். 95 எடுத்தால் 13.5 சதவீதம், 120 எடுத்தால் 11.7. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரை மறந்துவிட்டோம். 500 கேவிஏ, 5 சதவீத இம்பிடன்ஸ் (தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்த எதிர்ப்பு) உள்ளது என்றால் அதுவே சுமார் 6 சதவீதத்தை விழுங்கிவிடும். 120 கேபிளோடு கூட்டினால் 17.7. சரி, 185 போடுவோம்: 9.4, கூட்டினால் 15.4. அதுவும் தேறவில்லை! தடிமன் கூடக் கூடத் தடைதான் குறைகிறது, ரியாக்டன்ஸ் அப்படியே நிற்கிறது. ஸ்டார்ட் நேரத்தில் பவர் ஃபேக்டர் மிகக் குறைவு என்பதால் டிராப்பில் (வோல்டேஜ் இழப்பில்) ரியாக்டன்ஸின் பங்கு பெரிது.

இங்கேதான் இரண்டு 95 கேபிள்களை இணையாக ஓட்டுவது கைகொடுக்கிறது. மொத்த அலுமினியம் ஏறக்குறைய ஒற்றை 185 கேபிளுக்குச் சமம்தான். ஆனால் தடையோடு ரியாக்டன்ஸும் பாதியாகிறது. கேபிளில் 6.7, டிரான்ஸ்ஃபார்மரில் 6, மொத்தம் 12.7 சதவீதம். இரண்டும் ஒரே நீளம், ஒரே வகை, ஒரே மாதிரி லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று மட்டும் அதிகச் சுமை ஏற்றுச் சூடாகும்.

முதலில் ஸ்டார் இணைப்பில் தொடங்கிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கிறதே, கரன்ட் மூன்றில் ஒன்றாகிவிடுமே என்பார்கள். ஸ்டாரில் இருக்கும்வரை உண்மைதான். ஆனால் முறுக்குவிசையும் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. பம்ப் முழு வேகம் பிடிப்பதற்குள் டைமர் டெல்டாவுக்கு மாற்றினால், கரன்ட் நேரடி ஸ்டார்ட்டின் அளவை நெருங்கிவிடும். ஆகவே நேரடி ஸ்டார்ட்டுக்கே கேபிள் கணக்கைப் போடுவது நல்லது. டிஜி செட்டில் (டீசல் ஜெனரேட்டரில்) ஓடும்போது டிராப் கணக்கே வேறு. அதைத் தனியாகப் போட வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் வழக்கமான சிந்தனையைத் தலைகீழாக்க வேண்டும். மற்ற மோட்டாரில் ஓவர்லோடு ரிலே மோட்டாரைக் காப்பாற்றும். கட்டடம் எரியும்போது மோட்டார் கருகினாலும் பரவாயில்லை, தண்ணீர் நிற்கக்கூடாது. அதனால் ஃபீடர் பிரேக்கர், ரோட்டார் சிக்கிய நிலையின் 830 ஆம்பியரையும் டிரிப் ஆகாமல் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டுக்கு மட்டும் விழ வேண்டும். இந்த ஃபீடரை மெயின் இன்கமருக்கு (கட்டடத்தின் மொத்தச் சப்ளையையும் இணைக்கும் சுவிட்ச்) முன்னாலேயே பிரித்து எடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் கட்டடத்தின் மெயினை இறக்குவார்கள். பம்ப் அதற்குக் கீழே இருந்தால் அவர்கள் கையிலிருக்கும் ஹோஸிலேயே தண்ணீர் நின்றுவிடும்.

கேபிளைக் கூடுமானவரை கட்டடத்துக்கு வெளியே மண்ணில் புதையுங்கள். பேஸ்மென்ட் வழியாகப் போயே ஆக வேண்டிய பகுதிக்கு அலுமினியம் ஆகாது. 660 டிகிரியில் உருகிவிடும். மைக்கா நாடா சுற்றிய செம்புக் கேபிள் வேண்டும். அதிலும் ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: 950 டிகிரி வெப்பத்தில் செம்பின் தடை ஏறக்குறைய நாலரை மடங்காகும். செம்புக் கேபிள் ஓட்டம் 200 மீட்டர் என்றால், அதில் 20 மீட்டர் தீக்குள் சிக்கினாலே மொத்தத் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். டிராப் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பம்பை ஸ்டார்ட் செய்து, அந்த நொடியில் பேனல் முனையில் வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று மினிமம் பதிவாகும் மீட்டரில் பாருங்கள். 353க்குக் கீழே போகக்கூடாது. கேபிளைக் கழற்றி மாட்டியிருந்தால் சுழலும் திசையையும் பாருங்கள். ஃபேஸ் மாறி எதிர்த்திசையில் சுற்றினாலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும், கேஜ் முள்ளும் ஓரளவு ஏறும். முள்ளை நம்ப வேண்டாம். ஃபேன் கவர் வழியே மோட்டார் சுற்றும் திசையை, பம்ப் உடம்பில் வார்த்திருக்கும் அம்புக்குறியோடு ஒத்துப்பாருங்கள்.