ஸ்விட்ச்சுக்குள் ஒரு பொருத்தம் பார்ப்பவர்

அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் ஒரு புகாரோடு எழுதியிருந்தார். அவருடைய கணினியிலிருந்து அச்சுக்கான பிளேட் தயாரிக்கும் பழைய கணினிக்குப் பெரிய கோப்பு ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது, அதே கணினியிலிருந்து சர்வருக்குப் போகும் பேக்கப்பும் படுத்துவிடுகிறதாம். "பழைய கணினி 100 மெகாபிட்தான், அது மெதுவாகத்தான் வாங்கும். ஆனால் சர்வர் புதுசு, கேபிள் புதுசு, ஸ்விட்ச்சும் கிகாபிட். சர்வருக்குப் போவது ஏன் நொண்டுகிறது?"

நல்ல கேள்வி. (ஸ்விட்ச் என்பது அலுவலகக் கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. கிகாபிட் என்றால் 100 மெகாபிட்டைவிடப் பத்து மடங்கு வேகம்.) பதில் நம் ஊர் சிக்னலில் தினமும் நிற்கிறது. 'ஃப்ரீ லெஃப்ட்' என்று பலகை இருக்கும். இடப்பக்கச் சாலை காலியாகவும் இருக்கும். ஆனால் உங்களுக்கு முன்னால் நிற்கும் ஆட்டோ நேராகப் போக வேண்டிய ஆட்டோ. சிவப்பு விளக்கு அவருக்குத்தான், ஆனாலும் நீங்களும் நிற்கிறீர்கள். எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆங்கிலத்தில் இதை ஹெட் ஆஃப் லைன் பிளாக்கிங் என்கிறார்கள். வரிசையின் தலையில் நிற்பவர் பின்னால் இருக்கும் எல்லாரையும் மறிப்பதால், நான் இதைத் 'தலைமறியல்' என்று கூப்பிடுகிறேன்.

ஸ்விட்ச்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தகவல் பாக்கெட்டுகளாக வருகிறது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் போக வேண்டிய முகவரி இருக்கிறது, ஸ்விட்ச் அதைப் படித்துச் சரியான போர்ட்டுக்கு, அதாவது கேபிள் செருகும் வாயிலுக்கு, அனுப்புகிறது. இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். பெரிய ஸ்விட்ச்சுகளின் வயிற்றில் கிராஸ்பார் என்றொரு அமைப்பு உண்டு. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு சின்ன மின்கதவு. எந்த உள்வாயிலையும் எந்த வெளிவாயிலோடும் இணைக்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஓர் உள்வாயில் ஒரு வெளிவாயிலோடு மட்டும், ஒரு வெளிவாயில் ஓர் உள்வாயிலோடு மட்டும்.

ஒரே வெளிவாயிலுக்கு மூன்று பாக்கெட்டுகள் ஒன்றாக வந்தால் இரண்டு காத்திருக்க வேண்டும். எங்கே காத்திருப்பது? வெளிவாயிலில் நிற்க வைப்பதுதான் உத்தமம், அங்கே யாரும் யாரையும் மறிப்பதில்லை. ஆனால் 16 போர்ட் ஸ்விட்ச்சில் 16 பேரும் ஒரே வாயிலுக்கு வந்தால், அந்த வாயிலின் மெமரி கேபிளைவிட 16 மடங்கு வேகத்தில் எழுத வேண்டும். அவ்வளவு வேகமான மெமரிக்குக் காசு கொட்ட வேண்டும், சில வேகங்களில் கொட்டினாலும் கிடைக்காது. அதனால் உள்வாயிலிலேயே வரிசை. உடனே தலைமறியலும் வந்துவிடுகிறது.

அதனால் எவ்வளவு நஷ்டம்? இரண்டு உள்வாயில், இரண்டு வெளிவாயில் என்றால் நாணயத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். இரண்டு வரிசையிலும் எப்போதும் கூட்டம். தலையில் நிற்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த வாயிலுக்குப் போகும் என்பது பூவா தலையா. இருவரும் ஒரே வாயிலைக் கேட்கும் வாய்ப்பு பாதி. அப்போது ஒருவர் போவார், ஒருவர் நிற்பார். அடுத்த சுற்றில் நின்றவர் அங்கேயே இருக்க, பக்கத்து வரிசையின் தலைக்குப் புதிதாக வந்தவர் நாணயம் சுண்டுகிறார். மறுபடியும் பாதி வாய்ப்பு. ஆக, பாதிச் சுற்றுகளில் இரண்டு பாக்கெட், பாதிச் சுற்றுகளில் ஒன்று. சராசரி ஒன்றரை, அதாவது 75 சதவீதம். போர்ட்டுகள் கூடக் கூட இது இன்னும் இறங்கும். 1987-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் கரோலும் உடன் பணியாற்றிய இருவரும் அது எதுவரை இறங்கும் என்று கணக்கிட்டார்கள்: 2-லிருந்து 2-இன் வர்க்கமூலத்தைக் கழித்தால் வருவது, 58.6 சதவீதம். மீதி 41 சதவீதம் வண்டியே இல்லாத சாலை.

தீர்வு, சொன்னால் சிரிப்பு வரும் அளவுக்கு எளியது. ஒவ்வொரு உள்வாயிலிலும் ஒரே வரிசை வைக்காமல், வெளிவாயிலுக்கு ஒன்றாகத் தனித்தனி வரிசை வையுங்கள். 'ஃப்ரீ லெஃப்ட்' போகிறவர்களுக்குத் தனித் தடம், நேரே போகிறவர்களுக்குத் தனித் தடம். மெமரி அதேதான், கணக்கு எழுதும் விதம்தான் வேறு. அதனால் இதை மெய்நிகர் வரிசை என்பார்கள். தலைமறியல் ஒழிந்தது.

ஆனால் இப்போது வேறொரு தலைவலி. 16 போர்ட் என்றால் 256 வரிசைகள். ஒவ்வொரு சுற்றிலும் எந்த உள்வாயிலை எந்த வெளிவாயிலோடு சேர்ப்பது? முழுதாகச் சேர்க்கும் வழிகள் மட்டும் சுமார் 21 லட்சம் கோடி. அவகாசமோ, 10 கிகாபிட் கேபிளில் 64 பைட் பாக்கெட் ஒன்று கடக்கும் நேரம், 51 நானோ நொடி. அதற்குள் ஒளியே 15 மீட்டர்தான் போயிருக்கும். வேலை என்னவோ பொருத்தம் பார்க்கும் வேலைதான். ஆனால் தரகர் ஒரு வினாடிக்கு சுமார் 2 கோடி முறை பார்த்து முடிக்க வேண்டும்.

மிகச் சிறந்த பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் கணித முறைகள் இருக்கின்றன. ஆனால் 51 நானோ நொடிக்குள் அவற்றை முடிப்பது பெரும்பாடு. சுமாரான பொருத்தமாக இருந்தாலும் சட்டென்று வேண்டும். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் தாமஸ் ஆண்டர்சன், சூசன் ஓவிக்கி, ஜேம்ஸ் சாக்ஸ், சார்லஸ் தாக்கர் நால்வரும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு வழி சொன்னார்கள். மூன்றே படி: கேள், கொடு, ஏற்றுக்கொள். ஒவ்வொரு உள்வாயிலும் தன்னிடம் பாக்கெட் இருக்கும் எல்லா வெளிவாயில்களையும் கேட்கும். ஒவ்வொரு வெளிவாயிலும் கேட்டவர்களில் ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கி அனுமதி கொடுக்கும். பல அனுமதி கிடைத்த உள்வாயில் ஒன்றை ஏற்கும். மிச்சம் இருப்பவர்களுக்கு இதையே இன்னும் இரண்டு மூன்று முறை. நடுவில் நாட்டாமை கிடையாது, எல்லா வாயிலும் ஒரே சமயத்தில் முடிவெடுக்கின்றன.

இதில் இரண்டு குறை. சிப்புக்குள் சீட்டுக் குலுக்குவது செலவான காரியம். அதோடு, ஒரு முறை மட்டும் குலுக்கினால் சுமார் 63 சதவீதம்தான் தேறும். எல்லாரும் தனித்தனியாகக் குலுக்குவதால் ஒருவருக்கே மூன்று அனுமதி போய், இன்னொருவருக்கு ஒன்றும் இல்லாமல் போகிறது.

சரி, சீட்டு வேண்டாம், முறை வைப்போம். ஒவ்வொரு வெளிவாயிலிலும் ஒரு கடிகார முள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முள் காட்டும் எண்ணில் தொடங்கிச் சுற்றிவந்து, கேட்டவர்களில் முதலில் வருபவருக்கு அனுமதி. கொடுத்ததும் முள் அவரைத் தாண்டி அடுத்த எண்ணுக்கு நகரும். நியாயமாகத்தானே தெரிகிறது? மூன்று போர்ட்டுகளில் ஓட்டிப் பாருங்கள். எல்லா வரிசையிலும் பாக்கெட் இருக்கிறது, எல்லா முள்ளும் 1-இல் நிற்கிறது. மூன்று வெளிவாயில்களும் 1-ஆம் உள்வாயிலுக்கே கொடுக்கின்றன. அது ஒன்றை ஏற்கிறது, மற்ற இரண்டும் வீண். மூன்று முட்களும் 2-க்கு நகர்கின்றன. அடுத்த சுற்றில் மூன்றும் 2-க்கே கொடுக்கின்றன. ராணுவ அணிவகுப்பு மாதிரி மூன்று முட்களும் ஒன்றாகவே நடந்து, ஆயுசுக்கும் சுற்றுக்கு ஒரு பாக்கெட்தான் போகும். சீட்டுக் குலுக்கலைவிட மோசம்.

இங்கேதான் நிக் மெக்கியோன் வருகிறார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1995-இல் முனைவர் பட்டத்துக்காக இதே சிக்கலில் உழன்றவர், பிறகு ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர். அவருடைய ஐஸ்லிப் முறை மேலே சொன்ன விதியில் ஒரே ஒரு திருத்தம் செய்கிறது: கொடுத்த அனுமதியை மறுபக்கம் ஏற்றுக்கொண்டால் மட்டுமே முள் நகர வேண்டும். நிராகரித்தால் அங்கேயே நில்.

மறுபடி ஓட்டுவோம். இந்த முறை பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், செய்து பார்த்தால்தான் ருசி. உள்வாயில்களுக்கும் இப்படி ஒரு முள் உண்டு, அதுவும் ஏற்ற வாயிலைத் தாண்டி அடுத்ததற்கு நகரும். முதல் சுற்றில் மூன்றும் 1-க்குக் கொடுக்கின்றன. 1-ஆம் உள்வாயில் 1-ஆம் வெளிவாயிலை ஏற்கிறது. அதனால் 1-ஆம் வெளிவாயிலின் முள் மட்டும் 2-க்குப் போகிறது, மற்ற இரண்டும் ஏமாந்த இடத்திலேயே நிற்கின்றன. இரண்டாம் சுற்றில் 1-ஆம் வெளிவாயில், உள்வாயில் 2-க்குக் கொடுக்கிறது. மற்ற இரண்டும் இன்னும் 1-ஐயே பிடித்துத் தொங்குகின்றன. உள்வாயில் 1, இம்முறை 2-ஆம் வெளிவாயிலை ஏற்கிறது. இரண்டு பாக்கெட் போயிற்று. வெளிவாயில்களின் முட்கள் இப்போது 3, 2, 1. மூன்றாம் சுற்றில் மூன்று வாயில்களும் மூன்று வெவ்வேறு ஆட்களுக்குக் கொடுக்கின்றன, மூன்று பாக்கெட்டும் போகின்றன. அதற்கப்புறம் முட்கள் 1, 3, 2. பிறகு 2, 1, 3. இனி அவை மோதிக்கொள்வதே இல்லை.

யாரும் அவற்றைப் பிரித்து நிறுத்தவில்லை. தோற்றவன் அங்கேயே நின்றதால் ஜெயித்தவனோடு கால் பிசகியது, அந்தப் பிசகே ஒழுங்காகிவிட்டது. போக்குவரத்து எல்லா வாயில்களுக்கும் சமமாகப் பரவியிருந்தால், சுற்றுக்கு ஒரே ஒரு முறை பொருத்தம் பார்த்தே 100 சதவீதம் தேறும். கொடுத்த அனுமதி ஏற்கப்படும்வரை முள் நகராததால் யாரும் பட்டினி கிடப்பதும் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு ரயில் பயணத்தில் இதைத் தாளில் போட்டுப் பார்த்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டவன் நான். நெட்வொர்க்குகளுக்கு இடையே பாக்கெட்டுகளை வழியனுப்பும் பெட்டிகளான ரவுட்டர்களில், சிஸ்கோ நிறுவனத்தின் '12000' மாடல்களில் இந்த முட்கள்தான் சுற்றின.

சமமாகப் பரவாத போக்குவரத்தில் ஐஸ்லிப் சறுக்கும். அதற்கு 1999-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சுவாங், கோயல், மெக்கியோன், பிரபாகர் நால்வரும் வேறொரு பதில் தந்தார்கள். கிராஸ்பாரை கேபிளைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால், வெளிவாயிலில் வரிசை வைத்த அந்த உத்தம ஸ்விட்ச்சை அச்சு அசலாக நகலெடுக்கலாம் என்று நிரூபித்தார்கள். 16 மடங்கு வேண்டாம், இரண்டு போதும். நிரூபணத்துக்கு அவர்கள் கையில் எடுத்தது கணிதவியலாளர்கள் கேலும் ஷாப்லியும் 1962-இல் எழுதிய திருமணப் பொருத்தக் கணக்கு. ஒவ்வொருவரும் தன் விருப்பப் பட்டியலைத் தந்தால் போதும், கட்டியவரை விட்டுவிட்டு ஓடிப்போக இருவரும் சேர்ந்து விரும்பும் ஜோடி ஒன்றுகூட இல்லாதபடி எல்லாருக்கும் முடித்துவைக்கலாம் என்பது அந்தக் கணக்கு. நம் பத்துப் பொருத்தத்தில் பெண்ணுக்கும் பையனுக்கும் பட்டியலே கிடையாது, நட்சத்திரத்துக்கும் ராசிக்கும் மட்டும்தான் உண்டு. சிலிக்கானுக்குக் கொடுத்த மரியாதையை மனிதருக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி. அப்புறம் இன்னொன்று: 1962-இல் "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் நிதிக்குழு முன்னால் அந்தக் கட்டுரை போயிருந்தால், "ரவுட்டருக்கு உதவும்" என்று சொல்லியிருக்க யாராலும் முடியாது.

அச்சக வாசகருக்கு வருவோம். அவருடைய சின்ன ஸ்விட்ச் உள்ளே ஒழுங்காகவே இருக்கலாம். சிக்கல் பெரும்பாலும் ஸ்விட்ச்சுக்கும் கணினிக்கும் நடுவேதான். பழைய கணினிக்கான வரிசை நிரம்பியதும் ஸ்விட்ச் அவர் கணினிக்கு 'பாஸ்' (pause) என்றொரு செய்தி அனுப்பும். "கொஞ்சம் நில்" என்று அர்த்தம். யாருக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று அதில் சொல்ல வழியில்லை. கணினி மொத்தமாக நின்றுவிடும். கிகாபிட் கேபிளில் ஒரு செய்திக்கு அதிகபட்சம் சுமார் 33.5 மில்லி நொடி வரை. சர்வருக்கான பாக்கெட்டுகளும் அந்த ஆட்டோவுக்குப் பின்னால் நிற்கின்றன. ஸ்விட்ச்சுக்குள் ஒழித்த தலைமறியல் வாசலுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

கணினியின் நெட்வொர்க் அட்டை அமைப்பில் 'பாஸ்' செய்திக்குக் கட்டுப்படும் 'ஃப்ளோ கன்ட்ரோல்' என்பதை அணைத்துப் பார்க்கச் சொன்னேன். அணைத்தால், நிரம்பிய வரிசைக்கு வரும் பாக்கெட்டுகளை ஸ்விட்ச் கீழே போட்டுவிடும். எந்த இணைப்பின் பாக்கெட் தொலைந்ததோ, அந்த இணைப்பு மட்டும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: பேக்கப் பறக்கிறதாம். பழைய கணினிக்குப் போகும் கோப்பு மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் திக்கித் திக்கிப் போகிறதாம்.