நுரையை நம்பாதீர்கள்

மறுபடியும் ஒரு லாகர் (குளிர்ச்சியில் நொதிக்கவைக்கும் பியர்) பாட்டில் எங்கள் ஆய்வுக்கூட மேசைக்கு வந்திருக்கிறது, "பாக்டீரியா தொற்று என்று நினைக்கிறேன்" என்ற சீட்டோடு. மூடியைத் திறந்ததுமே வெண்ணெய் மணம். நுண்ணோக்கியில் பாக்டீரியா ஒன்றும் கண்ணில் படவில்லை. ஈஸ்ட் போதாமல் போனாலும் இந்த மணம் வரும். எவ்வளவு ஈஸ்ட் சேர்த்தீர்கள் என்று கேட்டால், "ஸ்டார்ட்டர் பிரமாதமாக நுரைத்ததே!" என்று பதில் வருகிறது. ஸ்டார்ட்டர் என்றால், காய்ச்சும் முன் ஈஸ்டைப் பெருக்கிக்கொள்ளும் சிறு மால்ட் கரைசல்.

நுரைத்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். போதுமான ஈஸ்ட் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அரை லிட்டர் ஸ்டார்ட்டரும் நுரைக்கும், மூன்று லிட்டரும் நுரைக்கும். குடுவையை ஓயாமல் கலக்கும் சுழல்கலக்கியில் வைத்தால் ஈஸ்ட் நன்றாகப் பெருகும்போதுகூட நுரை பெரிதாகத் தெரியாது. செத்துவிட்டது என்று ஸ்டார்ட்டரைக் கழுவுதொட்டியில் கொட்டியவர்கள் உண்டு! கணக்கைப் பாருங்கள். 12 டிகிரி பிளேட்டோ அடர்த்தியுள்ள (எடையில் சுமார் 12 சதவீதம் சர்க்கரை) 20 லிட்டர் வோர்ட்டில், அதாவது நொதிக்காத மால்ட் சாற்றில், லாகர் காய்ச்ச ஏறக்குறைய 36,000 கோடி ஈஸ்ட் செல்கள் வேண்டும். சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகை பியருக்கு அதில் பாதி போதும். திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில், அதுவும் புதிதாக இருந்தால், சுமார் 10,000 கோடி. கடைக் குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்தது என்றால் இன்னும் குறைவு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

லாகர் ஈஸ்ட்தானே என்று ஸ்டார்ட்டரையும் 10 டிகிரியில் வைக்காதீர்கள். அது வளர 20 டிகிரிதான் வசதி. குளிர்ச்சி பியரின் சுவைக்காக. ஸ்டார்ட்டரை யாரும் குடிக்கப்போவதில்லை.

ஸ்டார்ட்டருக்கு லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் தூள், கால் மணி நேரக் கொதி. வெறும் சர்க்கரை வேண்டாம். ஈஸ்ட் பெருகத் தேவையான சத்து அதில் இல்லை. ஊறுகாய் ஜாடியை அடுப்பில் ஏற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். குடுவையின் வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். இறுக்கித் திருகி மூடினால் உள்ளே சேரும் வாயு கண்ணாடியையே உடைத்துவிடும், அந்தத் துண்டுகள் கண்ணுக்குத்தான் முதலில் வரும். நொதித்து முடிந்ததும் குளிர்பெட்டியில் ஓரிரு நாள் வையுங்கள். ஈஸ்ட் அடியில் வெண்களிம்பாகப் படியும். மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு அந்தக் களிம்பை மட்டும் சேருங்கள். மூன்று லிட்டர் பழைய பியரை நல்ல வோர்ட்டில் கொட்டுவானேன்?

இதற்கெல்லாம் நேரம் இல்லையா? உலர் லாகர் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. 20 லிட்டருக்கு இரண்டு போடுங்கள். அதற்கு ஸ்டார்ட்டரே வேண்டாம்.