பிடிக்கவும் விடவும் தெரிந்த பிளக்

சென்ற ஆண்டுத் தைப்பூசத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் ஒன்றில் தொண்டர்களின் வாக்கிடாக்கிகளை நான்தான் கவனித்துக்கொண்டேன். காலையில் தெளிவாகப் பேசியவை நண்பகல் மழைக்குப் பிறகு கரகரத்தன. ஒரு தொண்டரின் காதொலிக் கம்பி காவடி வளைவில் சிக்கி, பிளக்கோடு பிய்ந்துபோனது. பிரித்துப் பார்த்தால் கருவிகளில் ஒரு கோளாறும் இல்லை. விரல்நுனி அளவுள்ள பிளக்குகள்தான் கைவிட்டிருந்தன.

இதே கோளாறு படைவீரருக்கு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இன்றைய காலாட்படை வீரர் ரேடியோ, ஜிபிஎஸ், கைக்கணினி, இரவுப் பார்வைக் கருவி எனப் பலவற்றை உடம்பிலேயே சுமக்கிறார். சில படைகளில் இவை அனைத்துக்கும் மார்பு உடையில் செருகிய ஒரே பேட்டரிதான் மின்சாரம் தருகிறது. கேபிள்கள் கூடும் இடமெல்லாம் ஒரு சிறிய இணைப்பி (கனெக்டர்) இருக்கும்.

வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்திச் சேர்த்தாலும் அவை முழுவதுமாகத் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டுமே முட்டிக்கொள்கின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகவே போயாக வேண்டும். அங்கே களிம்பு ஏறினால் வழி அடைபடும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். பாட்டியின் தாலியை அப்படித் தேய்ப்பதில்லை. இணைப்பியின் ஊசிகளுக்குத் தங்க முலாம் பூசுவதும் இதற்காகத்தான். அதன் தடிமன் பெரும்பாலும் 1 மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, ஒட்டியே இருக்கும். அடியில் ஒரு நிக்கல் படலம் உண்டு. அது இல்லாவிட்டால் ஊசியின் செம்பு அணுக்கள் மெல்லத் தங்கத்தைத் துளைத்து மேலே வந்து கறுத்துவிடும். சொக்கத் தங்கம் மென்மையானது, செருகிச் செருகித் தேய்ந்துவிடும். ஆசாரி நகைக்குச் செம்பு சேர்ப்பதுபோல இதில் துளி கோபால்ட் சேர்க்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். தூசியும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி67 தரம் என்றால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே கேடு வராது. ஆனால் பிளக்கைக் கழற்றியபின் திறந்து கிடக்கும் வாய் வழியே நீர் புகுமே? அதனால் ஊசிகளின் வேரைக் கண்ணாடியாலோ பிசினாலோ அடைத்துவிடுகிறார்கள். துளைகளில் மணல் சிக்கும் என்று, தட்டையான முகத்தில் ஸ்பிரிங் ஊசிகள் வைத்த வகையும் உண்டு. சேறு படிந்தால் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மாட்டலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். வெளிக்கூட்டைச் சோதிக்க 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலை மணிக்கணக்கில் தெளிக்கிறார்கள். எங்கள் கடற்கரை வீடுகளின் சன்னல் கம்பிகள் அந்தச் சோதனையை ஆண்டு முழுவதும் அனுபவிக்கின்றன.

நல்ல இணைப்பிக்குப் பிடித்துக்கொள்வதைவிட, வேண்டிய நேரத்தில் விட்டுவிடுவதுதான் கடினம். பேட்டரிக் கேபிளுக்குப் பூட்டு வேண்டும்: கேபிளைப் பிடித்து இழுத்தால் அசையாது, வெளி வளையத்தைப் பின்னால் இழுத்தால்தான் கழலும். தலைக்கவசத்திலிருந்து வரும் கம்பிக்கு அந்தப் பூட்டு கூடாது. வண்டியிலிருந்து குதிக்கும்போது கம்பி கதவில் மாட்டினால், ஒன்று கம்பி அறும் அல்லது கழுத்து திருகும். அதனால் அங்கே, குறித்த அளவு விசையில் இழுத்தால் தானே கழலும் இணைப்பியை வைக்கிறார்கள். விசை குறைந்தால் ஓடும்போதே கழலும், கூடினால் ஆளையே இழுக்கும். அந்த அளவைக் கண்டறிவதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

இருட்டில் கையுறையோடு மாட்டுவதற்காக, ஒரே வாக்கில் மட்டும் நுழையும்படி பள்ளமும் மேடும் வெட்டியிருப்பார்கள். விரலே வழி கண்டுகொள்ளும். பல வகைகளில் தரை இணைப்பு (எர்த்) ஊசி மற்றவற்றைவிடச் சற்று நீளம். செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விலகும். மின்சாரம் ஓடும்போதே மாட்டினாலும் கருவி பிழைப்பது இதனால்தான்.

இந்த ஆண்டுத் தைப்பூசத்துக்குத் தொண்டர்களின் கம்பிகளில், தோள் அருகே, இழுத்தால் கழலும் சிறு இணைப்பு ஒன்றைச் சேர்த்தேன். பிளக்கின் மேல் ரப்பர் உறை போட்டேன். ஒரு கம்பி இரண்டு முறை காவடியில் சிக்கியது. இரண்டு முறையும் கழன்றது. தொண்டர் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு நடந்தார்.