எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கும் இலவசத் தடுப்பு மருந்து உண்டு

கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வருமுன் தடுப்பது ஒன்றுதான் வழி. அதற்கான தடுப்பூசியைக் கால்நடை பராமரிப்புத் துறை வீட்டுக் கோழிகளுக்கு இலவசமாகவே போடுகிறது. வெயில் காலத்தில் நோய் வேகமெடுக்கும் என்பதால், ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி முதல் இரண்டு வாரங்களில் ஊர் ஊராக முகாம் நடக்கும். மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் கோழி வளர்ப்பவர்களில் பலருக்கு இந்த முகாம் தெரியும்.

தெரியாமல் போவது இன்னொரு விஷயம். முகாமில் இறக்கையில் போடும் ஊசி எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கானது. அதில் இருப்பது வீரியம் கூடிய உயிருள்ள கிருமி. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அந்த ஊசியே கால் இழுக்க வைக்கும், கொன்றும் விடும். அதனால் ‘எல்லாத்துக்கும் சேத்துப் போட்டு விடுங்க’ என்று குஞ்சுகளையும் நீட்டாதீர்கள். குஞ்சுக்கு உரியது வீரியம் குறைந்த சொட்டு மருந்து. அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளுக்கு 7ஆம் நாள் ஒரு சொட்டு, 28ஆம் நாள் இன்னொன்று, எட்டு வாரத்தில் இறக்கை ஊசி. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது முகாமில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் சொட்டை அவசரப்பட்டு இரண்டாம் மூன்றாம் நாளே விட்டால், தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழி வந்த எதிர்ப்புச் சக்தி மருந்தை அடக்கிவிடும். அந்தச் சொட்டு வீண்தான்.

பிப்ரவரி தவிர்த்த மாதங்களில் பொரித்த குஞ்சுகளுக்கு எங்கே போவது? அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைதோறும் கோழிகளுக்கு இலவசமாகத் தடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது. முந்தின நாளே மருத்துவரிடமோ கால்நடை ஆய்வாளரிடமோ குஞ்சு எத்தனை, வயது என்ன என்று சொல்லிவிடுவது நல்லது. காரணம், மருந்துக் குப்பி ஒன்றில் 100 குஞ்சுக்கான அளவாவது இருக்கும். திறந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. தெருவில் நாலைந்து வீட்டார் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வைத்தால், எல்லாக் குஞ்சும் ஒரே சனிக்கிழமை மருந்துக்குத் தயாராகிவிடும். கால்நடை மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கூட்டு யோசனை பொருந்தும்.

வீட்டில் வைத்துச் சொட்டு விடுவதானால், மருந்து கெடுவது பெரும்பாலும் வரும் வழியில்தான். குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு மதுரை வெயிலில் பத்து கிலோமீட்டர் வந்தால் அது வெறும் தண்ணீர். ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். குப்பியில் இருக்கும் காய்ந்த மருந்தைக் கரைக்கத் தரும் திரவப் புட்டியையும் கூடவே குளிர வையுங்கள். ஆனால் அது உறையக் கூடாது.

வெயில் இறங்கிய பிறகு நிழலில் உட்கார்ந்து கலக்குங்கள். புது சிரிஞ்சில் 2 மில்லி திரவம் எடுத்துக் குப்பியின் ரப்பர் மூடியில் குத்தினால், உள்ளே காற்றில்லாததால் குப்பி தானாகவே திரவத்தை இழுக்கும். இழுக்காவிட்டால் அந்தக் குப்பியை நம்பாதீர்கள். மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, புட்டியில் உள்ள மீதித் திரவத்தோடு சேர்த்து, அந்தப் புட்டிக்குச் சொட்டு மூடியைப் பொருத்துங்கள். சொட்டு விடும் நேரம் முழுக்கப் புட்டி ஐஸ் மேலேயே இருக்கட்டும். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் அதில் படக் கூடாது.

குஞ்சை இடது உள்ளங்கையில் அடக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணுக்கு மேலே புட்டியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே சொட்டு. புட்டி முனை கண்ணைத் தொடக் கூடாது. சொட்டு கண் மேல் முத்துப் போல நிற்கும். குஞ்சு இமைக்கும், முத்து மறையும். அது மறையும்வரை கையை எடுக்காதீர்கள். அவசரத்தில் விட்டால் குஞ்சு தலையை உதறி மருந்தைக் கீழே தள்ளிவிடும். மூக்கில் விடுவதானால் மறு நாசியை விரலால் மூடிக்கொண்டால் உறிஞ்சிக்கொள்ளும். போட்ட குஞ்சைத் தனிப் பஞ்சாரத்தில் விட்டால் கணக்குத் தப்பாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த மருந்து நம் கண்ணில் பட்டால் கண் சிவந்து உறுத்தும். மிச்சத்தை நாளைக்கு வைக்காமல் கொதிநீரில் போட்டுப் புதைத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் லேசாகத் தும்மினால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு கோழி ஏற்கெனவே பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து தூங்கி விழுகிறது என்றால், அன்று மற்றவற்றுக்கு மருந்து விட்டுப் பலன் எதிர்பார்க்க முடியாது. எதிர்ப்புச் சக்தி வர ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் கிருமி முந்திவிடும். ‘ஊசி போட்டதும் செத்துப் போச்சு’ என்று ஊரில் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிப்ரவரி முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். முட்டையிடும் கோழி ஊசிக்குப் பின் சில நாள் முட்டை குறைக்கலாம், பிறகு சரியாகிவிடும். முகாமன்று விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே வைத்திருங்கள். குப்பைமேட்டில் மேயும் கோழியைத் துரத்திப் பிடிப்பதற்குள் ஊசிக்காரர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.