பேனிக் பையிங்: பதறி வாங்குதலும் பதுக்கலும் ஒன்றல்ல

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் மாலை ஆறு மணிக்கே 144 தடை உத்தரவு நடப்புக்கு வந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசி, கொரோனா பரவலைத் தடுக்க நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார். உரை முடிந்த கையோடு பல நகரங்களில் மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் கூட்டம் கூடியது. யாரும் பதற வேண்டாம், அத்தியாவசியப் பொருட்கள் கிடைக்கும் என்று அன்றிரவே அவர் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நம் காதில் ஓயாமல் விழுந்த சொல் ‘பேனிக் பையிங்’. தமிழில் இதைப் ‘பீதிக் கொள்முதல்’ என்றும் ‘பதற்றக் கொள்முதல்’ என்றும் பெயர்க்கலாம். சிலர் இன்னும் சுருக்கி, ‘மக்கள் பதுக்குகிறார்கள்’ என்றே எழுதினார்கள். இந்தக் கடைசிப் பெயர்ப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பொருள் தவறு என்பதோடு, மூன்று கிலோ பருப்பு வாங்கிப் போன குடும்பத்தின் மேல் ஒரு குற்றத்தையும் சுமத்துகிறது அது. பயத்தில் ஒரு மனிதர் செய்ததற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதில் நியாயம் இருக்க வேண்டும்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. ‘பேனிக்’ கிரேக்கத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் ‘பான்’ என்ற கடவுளின் பெயர். பாதி ஆடு, பாதி மனிதன்; மேய்ப்பர்களுக்கும் காட்டுக்கும் உரியவன். மேய்ந்துகொண்டிருக்கும் மந்தை காரணம் தெரியாமல் மிரண்டு ஓடினாலும், ஆளரவமற்ற மலையில் நடப்பவனுக்குத் திடீரென்று குலை நடுங்கினாலும், அது பானின் வேலை என்று கிரேக்கர் நம்பினார்கள். இரவில் ஒரு படை முழுவதும் எதிரி இல்லாமலே கலைந்து ஓடுவதையும் அப்படியே சொன்னார்கள். ஆக, காரணமற்ற அச்சம், மந்தைக்குத் தொற்றும் அச்சம் என்ற இரண்டு கருத்தும் அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கின்றன. பிறகு அது பணச் சந்தைக்குப் போனது. வங்கியில் போட்டதை எடுக்க எல்லாரும் ஒரே நாளில் ஓடும் நெருக்கடிக்கு அமெரிக்காவில் அதுதான் பெயர். 1873, 1907 ஆண்டுகளின் நெருக்கடிகள் வரலாற்று நூல்களில் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கின்றன. கடைக்கு ஓடுகிறவர்களையும் அந்தப் பெயரால் சுட்டியபோது, மந்தை என்ற பழைய நிழலும் கூடவே வந்துவிட்டது.

ஆனால் 2020இன் தொடக்க மாதங்களில் நடந்தது மந்தைத்தனம்தானா?

பிப்ரவரி 7 அன்று சிங்கப்பூர் தன் நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியதும் பேரங்காடிகளில் அரிசி, உடனடி நூடுல்ஸ், கழிவறைத் தாள் எல்லாம் விறுவிறுவென்று தீர்ந்தன. ஹாங்காங்கில் பிப்ரவரி 17 அன்று கழிவறைத் தாள் சுருள்களைக் கத்தி முனையில் கொள்ளையடித்தே போனார்கள். மார்ச் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வுல்வொர்த்ஸ் கடைகளில் ஒருவருக்கு நான்கு பொட்டலம் என்று வரம்பு வைத்தார்கள். அந்த மாத நடுவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். இந்தத் தாள் விவகாரத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ஜப்பானில் ஒசாகா அருகே செந்ரி நியூ டவுனில் காகிதம் கிடைக்காமல் போகும் என்று பேச்சு கிளம்பியது. ஒரு கடையில் தொடங்கிய வரிசை நாடு முழுவதும் பரவியது.

கழிவறைத் தாளை நினைத்து நம் ஊரில் நிறையச் சிரித்தோம். காரணம் தெரிந்தால் சிரிப்பு குறையும். இடத்தை அடைக்கும், விலையோ குறைவு. எனவே எந்தக் கடையும் அதை மலைபோல் இருப்பு வைப்பதில்லை. வழக்கத்தைவிடச் சிலர் ஒரு பொட்டலம் கூடுதலாக எடுத்தாலே அலமாரி வெறுமையாகிவிடும். அந்த வெறுமை ஒருவர் கண்ணுக்கும் தப்பாது. போதாததற்கு அலுவலகமும் பள்ளியும் மூடியதால் வீட்டில் உண்மையாகவே தேவை கூடியிருந்தது. அண்டைவீட்டார் வாங்கிப் போவதைப் பார்த்துவிட்டு நாளை நமக்கு இருக்காது என்று நினைப்பவரின் கணக்கு சரியான கணக்குத்தான். தட்டுப்பாடு வரும் என்று எல்லாரும் நம்பினால், அந்த நம்பிக்கையே தட்டுப்பாட்டைக் கொண்டுவந்துவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் வங்கி முறிவை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கியது இதைத்தான். தனித்தனியே பார்த்தால் எல்லாரும் புத்தியோடு நடந்தார்கள். கூட்டிப் பார்த்தால் அலமாரி காலி.

பேரிடர்களில் மக்கள் நடந்துகொள்ளும் விதத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த என்ரிகோ குவாரண்டெல்லி, 1950களிலிருந்தே ஒன்றைச் சொல்லிவந்தார்: பேரிடர் வேளையில் சிதறி ஓடும் பீதி அரிது; மக்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் கை கொடுக்கிறார்கள். 2020இல் நாமும் அதைக் கண்ணால் கண்டோம். மளிகைக் கடை முன் ஊருக்கு ஊர் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். அந்த வட்டத்துக்குள் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவர்களும் சாதாரண மக்கள்தான். தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு மருந்து வாங்கித் தந்தவர்கள், சமைத்த சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோரம் கொடுத்தவர்கள், வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை கட்டியவர்கள், கபசுரக் குடிநீருக்கு வரிசையில் நின்றவர்கள், எல்லாரும் அதே மக்கள்.

இனித் தமிழுக்கு வருவோம்.

பீதி வடமொழிச் சொல். அஞ்சுதல் என்னும் பொருளுள்ள ‘பீ’ என்ற வேரிலிருந்து வந்தது. தமிழில் அதன் ஆட்சி பெரும்பாலும் செய்தித்தாளுக்கு உரியது: சிறுத்தை நடமாட்டம், பொதுமக்கள் பீதி. வீட்டில் யாரும் ‘எனக்குப் பீதியா இருக்கு’ என்று சொல்வதில்லை; ‘பயமா இருக்கு’, ‘பதறுது’, ‘கைகால் ஓடலை’ என்போம். தள்ளி நின்று பார்க்கிறவர் மற்றவர்களின் அச்சத்துக்கு ஒட்டும் பெயர் பீதி. அதனாலேயே அது எனக்கு உவப்பாக இல்லை.

கொள்முதல் வேறு வகையில் பொருந்தாது. நெல் கொள்முதல் நிலையம், பால் கொள்முதல், கொள்முதல் விலை என்று அது விற்பதற்காக மொத்தமாக வாங்குவோரின் சொல். ‘இந்த விலைக்குக் கொடுத்தா கொள்முதலுக்கே கட்டாது’ என்பார் கடைக்காரர். வீட்டுக்கு இரண்டு கிலோ வெங்காயம் வாங்கப் போனவர் கொள்முதல் செய்யவில்லை, வாங்கினார்.

பதுக்கல் தனிக் கதை. பதுங்கு தன்வினை, பதுக்கு பிறவினை. அடங்கு அடக்கு, முடங்கு முடக்கு, ஒதுங்கு ஒதுக்கு போல. கண்ணில் படாமல் ஒளித்தல் என்பது அதன் கரு. சங்கப் பாடல்களில் பாலை வழியில் இறந்தவர் உடல்மேல் குவித்த கற்குவியலுக்குப் ‘பதுக்கை’ என்று பெயர். அங்கும் மூடி மறைத்தல்தான். இன்றைய வழக்கில் பதுக்கல் என்றால் சரக்கை மறைத்து வைத்துத் தட்டுப்பாட்டை உண்டாக்கி, விலை ஏறிய பிறகு விற்பது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் குறிவைப்பது அதைத்தான். 2020 மார்ச் 13 அன்று முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் நடுவண் அரசு இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதே மாதம் மூன்றடுக்கு முகக்கவசத்துக்குப் பத்து ரூபாய், 200 மில்லி கிருமிநாசினிக்கு நூறு ரூபாய் என்று உச்ச விலையும் வைத்தது. பதுக்கலுக்கு வேண்டியவை மறைப்பும் இலாப நோக்கமும். மூன்று கிலோ பருப்பைப் பையில் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்து வந்தவரிடம் இரண்டும் இல்லை.

நம் வீடுகளில் இருப்பு வைப்பது ஒருநாளும் குற்றமாக இருந்ததில்லை. குதிரும் பத்தாயமும் எதற்கு? கோடையில் வற்றலும் வடகமும் போடுவது, வருடத்துக்கு வேண்டிய புளியையும் மிளகாயையும் ஒரே வீச்சில் வாங்கிக் காயவைப்பது, மாசச் சாமான் என்று பட்டியல் போடுவது எல்லாம் குடும்பம் நடத்தும் திறமையாகவே மதிக்கப்பட்டன. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் தவித்த யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் ஊரடங்கு தளர்ந்த சில மணி நேரங்களில் கடைகளின் முன் நீண்ட வரிசைகளில் நின்றவர்களைப் பீதி கொண்டவர்கள் என்று நான் எழுத மாட்டேன்.

அப்படியென்றால் சரியான தமிழ் எது? என் தேர்வு, ‘பதறி வாங்குதல்’.

பதறு என்னும் வினையில் அச்சத்தோடு அவசரமும் சேர்ந்திருக்கிறது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழியில் பதறுதல் என்பது செயலைப் பற்றியது. உள்ளே பயந்து ஒடுங்கிக் கிடப்பதை யாரும் பதறுதல் என்பதில்லை. பதறியவர் எழுந்து எதையாவது செய்வார்: பதறி ஓடினாள், பதறிப்போய்க் கதவைத் திறந்தான். நமக்கு வேண்டிய பொருளும் அச்சத்தால் அவசரமாக வாங்குவதுதான். இன்னொன்று, பதறுதல் இகழ்ச்சி இல்லாத சொல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் பதறுவாள். அதில் யாரும் மந்தையைக் காண்பதில்லை. பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘பதற்றம்’ என்றே எழுத வேண்டும். ஏறு ஏற்றம், தடுமாறு தடுமாற்றம் என்பதுபோல் பதறு பதற்றம். ‘பதட்டம்’ பேச்சுத் திரிபு.

தேவைக்கு மிஞ்சி வண்டி வண்டியாக ஏற்றிப் போனவர்களும் இருந்தார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு ‘வாங்கிக் குவித்தல்’ பொருத்தமாக இருக்கிறது. அளவின் மிகுதியைக் குவித்தல் காட்டுகிறது. குவிப்பவர் இலாபத்துக்கு விற்கத் தொடங்கினால்தான் பதுக்கல். பதறி வாங்குதல், வாங்கிக் குவித்தல், பதுக்கல் என்று தமிழில் மூன்று படிகள் தெளிவாக இருக்க, முதல் படியில் நிற்பவரை மூன்றாம் படிக்குத் தள்ளுவானேன்?

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு, அதை ‘பேனிக் பையிங்’ என்ற சொல் கணக்கிலேயே எடுப்பதில்லை. பதறி வாங்கக் கையில் காசு வேண்டும். அன்றாடங்காய்ச்சி என்று நாம் சொல்பவர் அன்று உழைத்த கூலியில் அன்றைக்கு அரிசி வாங்கி அன்றே காய்ச்சுபவர். கூலி நின்றபின் அவர் எதைக் கொண்டு இருப்பு வைப்பார்? பதற்றம் அவருக்கும் இருந்தது, மற்றவர்களைவிட அதிகமாகவே, வாங்குதல்தான் இல்லை. ஏப்ரலில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் டோக்கன் முறையில் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தரப்பட்டபோது நின்ற வரிசையில் அவர்களும் இருந்தார்கள்.

ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், முந்தைய நாள் கடைத்தெருக்கள் நெரிந்தன. அதைச் செய்தியாக எழுதும்போது ‘பீதியில் மக்கள் பதுக்கல்’ என்று தலைப்பிடாமல், ‘நான்கு நாள் ஊரடங்கு: பதறி வாங்கிய மக்கள்’ என்று எழுதலாம். பதறி வாங்குதல் என்பதைப் பிரித்து எழுதினால் போதும். இடையில் ஒற்று மிகாது. வாங்கிக் குவித்தல் என்பதில் ‘க்’ மிகும்.