குளம் வற்றினாலும் சாகாத பஞ்சு

"குளத்துப் படிக்கல்லின் அடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. சொரசொரப்பாக இருக்கிறது, ஒரு மாதிரி நாறுகிறது. பாசியா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாசி என்றால் வழுக்கும். சொரசொரப்பு என்றால் பெரும்பாலும் நன்னீர்ப் பஞ்சுயிரி (ஸ்பாஞ்ச்; சுருக்கமாகப் பஞ்சு), அதாவது, விலங்கு. பச்சை நிறம் அதற்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது. இருட்டான இடத்தில் வளர்ந்தால் வெளுத்துக் கிடக்கும். சொரசொரப்பு சிலிக்கா முட்களால் வருவது. தொட்ட கையால் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள்.

நுண்துளைகள் வழியே நீரை இழுத்து, பாக்டீரியாவை வடிகட்டித் தின்னும் கதை பள்ளியில் படித்ததுதான். ஒட்டிக்கொள்ள கல்லோ கட்டையோ, நீரில் கரைந்த சிலிக்கா, அளவான வண்டல் இருந்தால் போதும். வண்டல் மிகுந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

சரி, கோடையில் குளமே வற்றிவிடுமே? எனக்குப் பிடித்த இடம் இதுதான். நிலைமை மோசமாகும்போது, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஆர்க்கியோசைட் செல்கள் பஞ்சின் உடலுக்குள் அங்கங்கே கூட்டம் கூடுகின்றன. பக்கத்திலுள்ள ஊட்டச் செல்களை அப்படியே விழுங்கி, அந்தச் சத்தைத் தங்களுக்குள் சேமித்துக்கொள்கின்றன. கூட்டத்தைச் சுற்றி உறுதியான உறை எழும்புகிறது; அதில் முட்களும் பதிகின்றன. உறையில் ஒரே ஒரு சின்னத் துளை, அதையும் மெல்லிய சவ்வு மூடியிருக்கும். கடுகைவிடச் சிறிய இந்த உருண்டைதான் ஜெம்மியூல். தாய்ப்பஞ்சு செத்து உதிர்ந்தாலும் இது வெயிலையும் பனியையும் தாங்கும். தூங்கும் செல்களுக்குள் கரைபொருள்களின் அடர்த்தி அதிகம், செல்கள் பிரிந்து பெருகுவது நின்றுபோயிருக்கும். தண்ணீரும் தோதான வெப்பமும் திரும்பினால் அந்த அடர்த்தி குறைகிறது, செல்கள் பிரியத் தொடங்குகின்றன. அப்புறம் அந்தத் துளை வழியே ஊர்ந்து வெளியே வந்து, கல்லைப் பற்றிப் புதுப் பஞ்சாகின்றன.

எல்லோருக்கும் இந்த வசதி இல்லை. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் கிளைவிட்டு வளரும் லுபோமிர்ஸ்கியா பஞ்சுகள் ஜெம்மியூல் உண்டாக்குவதில்லை. வற்றவே வற்றாத ஏரி, எதற்கு?

பம்பாய்க் குளங்களில் எச். ஜே. கார்ட்டர் என்ற மருத்துவர் 1840களிலேயே நன்னீர்ப் பஞ்சுகளை ஆராய்ந்தார். விலங்கியலாளர் அன்னண்டேல் 1911இல் இந்திய இனங்களை விரிவாக விவரித்தார். இன்று குளத்தில் இறங்கிப் பஞ்சு தேடுகிறேன் என்று நிதி கேட்டால் சிரிப்பார்கள் என்பது என் சந்தேகம். இத்தனைக்கும் பெரிய செலவில்லை: ஜெம்மியூல்களை ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது நீரில் போட்டு வளர்க்கலாம். எந்தக் கல்லூரி விலங்கியல் துறைக்கும் இது கட்டுப்படியாகும்.