கேஸ்கட்டு சுமக்கும் தோளுக்கு ஒரு பை

பை தைக்கச் சொல்லி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். "இதே மாதிரி வேணுங்கக்கா." படத்தில் இருக்கிற பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். உருவம் குலையாமல் இருக்கக் காகிதத்தைச் சுருட்டி அடைத்துப் படம் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். வெறும் பை எதுவானாலும் அழகாகத்தான் நிற்கும். சாமானைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் நிற்கும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும்.

என் பள்ளித் தோழி ஒருத்தி வக்கீல். பவானியிலிருந்து ஈரோட்டுக் கோர்ட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறவள். வலது தோள் வலிக்கிறது, ஒரு நல்ல பை தைத்துக் கொடு என்று வந்தாள். அவளும் படத்தோடுதான் வந்தாள்: மெல்லிய இரண்டு வார் வைத்த பெரிய பை. முன்பக்கம் மட்டும் நம்ம ஊர் ஜமுக்காளத்தில் வேண்டுமாம். அளவு எடுக்க டேப்பை எடுத்ததும், "பைக்கு எதுக்கு புள்ள அளவு?" என்றாள்.

பைக்குத்தான் முதலில் அளவு வேண்டும். பழைய பையில் இருந்ததையெல்லாம் கட்டிங் டேபிளில் கொட்டச் சொன்னேன். கேஸ்கட்டுகள், டைரி, கோட்டு, கவுன், டிபன் பாக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், குடை, சார்ஜர், எப்போதோ முடிந்துபோன வழக்கின் நோட்டீஸ். பையோடு சேர்த்துத் தராசில் வைத்தால் 6 கிலோவைத் தாண்டியது. அதில் வெறும் பையே 1 கிலோவுக்கு மேல். ரெக்ஸின், உள்ளே இரட்டை ஃபோம், தோளில் இரும்புச் சங்கிலி. தினமும் அந்த ஒரு கிலோவைச் சும்மா சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். நீங்களும் உங்கள் பையைக் காலி செய்து ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். மளிகைக் கடைத் தராசே போதும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கை 2020, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பெரியவர்கள் தங்கள் பையை எடை போடுவதே இல்லை. அதே கணக்கை நாமும் மனதில் வைத்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ, அதுவும் இரண்டு தோளிலும் மாட்டும் பையில். இவள் ஒரே தோளில் தொங்கவிட்டிருந்தாள். இன்னொன்று: நான் தையல்காரி, டாக்டர் இல்லை. விரல்கள் மதமதவென்று இருக்கிறது, கை மரத்துப்போகிறது என்றால் பையை மாற்றினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். அவளையும் முதலில் அங்கேதான் அனுப்பினேன்.

அப்புறம் அளவு. கடையில் விற்கும் பைகள் பெரும்பாலும் ஏ4 தாளை மனதில் வைத்து வெட்டியவை. அந்தத் தாள் 29.7 செ.மீ. நீளம். வக்கீல்கள் கையாளும் லீகல் தாள் 35.6 செ.மீ. அந்த ஆறு சென்டிமீட்டருக்காகத்தான் பழைய பையின் ஜிப்பை மூடாமலே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். உயரத்தைக் கூட்டினேன், பையின் தடிமனை 10 செ.மீ.க்கு மேல் விடவில்லை. பை தடிக்கத் தடிக்கப் பாரம் உடம்பை விட்டு வெளியே தள்ளி நிற்கும், அதைச் சமாளிக்க முதுகு எதிர்ப்பக்கம் சாயும். பாரமான கட்டுகள் உடம்பை ஒட்டிய அறையில், சார்ஜரும் டைரியும் வெளி அறையில். டிபனுக்கும் தண்ணீருக்கும் தனியாக ஒரு சின்னக் கைப்பை. கேஸ்கட்டில் தயிர் கொட்டினால் எந்தத் தையல்காரியாலும் காப்பாற்ற முடியாது.

வாருக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஒரே பாரத்தை 25 மி.மீ. வார் தாங்கும்போது தோளில் விழும் அழுத்தம், 50 மி.மீ. வாரில் பாதியாகிவிடும். அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. தோள் சரிவாக இருந்தால் அகல வார் வழுக்கி இறங்கும். அவளுக்கு 38 மி.மீ. சரியாக இருந்தது. கறுப்புக் கோட்டுத் துணி வழவழப்பு என்பதால் நைலான் வார் அதில் நிற்காது. தோளில் படும் இடத்தில் மட்டும் வாரின் அடியில் சொரசொரப்பான கேன்வாஸ் பட்டை வைத்தேன். ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக மாட்டும் வார் இது. நீளத்தை அவள் கோட்டுப் போட்டிருக்கும்போதுதான் அளந்தேன். பை இடுப்பில் ஒட்டி நிற்க வேண்டும். தொடையில் மோதிக்கொண்டே வந்தால் வார் நீளம் அதிகம்.

அறுந்து ரிப்பேருக்கு வரும் பைகளில் துணி நைந்து அறுந்தது குறைவு. வார் பையோடு சேரும் இடம்தான் பிய்ந்திருக்கும். வாரின் நுனியை மேல் விளிம்பில் செருகி ஒரே வரித் தையலில் முடித்திருப்பார்கள். மொத்தப் பாரமும் அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் தொங்கும். செய்ய வேண்டியது இது: வாரைப் பையின் ஒரு பக்கவாட்டில் கீழே இறக்கி, அடிப்பாகத்தைச் சுற்றி, மறுபக்கம் ஏற்றித் தைப்பது. அப்போது பாரம் துணியில் தொங்காது, வாரிலேயே உட்காரும். மேல் விளிம்பில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறித் தையல், உள்ளே ஒரு துண்டுக் கேன்வாஸ் தாங்கல். கடையில் பை வாங்கும்போது உள்பக்கம் கையை விட்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். தாங்கல் துண்டு இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைப்பவர்கள் நிறைய. கேன்வாஸில் தையலின் நீளம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் ஊசித் துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகி, துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். நூல், ஊசி நம்பரிலும் குழம்ப வேண்டாம். ஊசியில் நம்பர் கூடினால் பருமன் கூடும், 16 அல்லது 18 போடலாம். தையல் நூல் டிக்கெட் நம்பரில் தலைகீழ், குறையக் குறையப் பருமன். ஜாக்கெட் தைக்கிற 120 நூல் பைக்கு ஆகாது, 40 எடுங்கள். பாலியஸ்டர் நூலே நல்லது. பருத்தி நூல் நனைந்து நனைந்து இற்றுவிடும்.

துணிக்கு வருவோம். பல்லடம், சோமனூர் விசைத்தறியில் வரும் காடா துணியை (வெளுக்காத தறித்துணி) "கேன்வாஸ்தானுங்க" என்று தருகிறவர்கள் உண்டு. கையில் எடுத்தால் விறைப்பாகத்தான் இருக்கும். அந்த விறைப்பு பாவுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்குப் போட்ட கஞ்சி. ஒரு துவைப்பில் கஞ்சி போய்விட்டால் பை துவண்டுவிடும். அந்தத் துணியில் ஒரு சின்னத் துண்டு வாங்கிச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகு கனத்தைப் பாருங்கள். நான் எடுத்தது 340 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 340 கிராம். ரெக்ஸினும் ஃபோமும் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும், பையின் எடையும் கட்டுக்குள் இருக்கும். ரெக்ஸினில் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு போட்டது நம் வெயிலிலும் ஈரத்திலும் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். அது ரிப்பேருக்கு ஆகாது, குப்பைக்குத்தான்.

வெட்டுவதற்கு முன் துணியை நனைத்தே ஆக வேண்டும். 50 செ.மீ. சதுரம் வெட்டித் துவைத்துக் காயவைத்து அளந்தால் சுருக்கம் தெரிந்துவிடும். 47 வந்தால் 6 சதவீதம். லைனிங்கையும் இதேபோல் பார்க்க வேண்டும். வெளித்துணி ஒரு அளவு, லைனிங் ஒரு அளவு சுருங்கினால் முதல் துவைப்பிலேயே பை முறுக்கிக்கொள்ளும்.

ஜமுக்காளத்தில் இது இன்னும் சிக்கல். பவானி ஜமுக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமுக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகம். ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்று விற்பது நடக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கி ரசீது கேளுங்கள். தைக்கும்போது கவனிக்க வேண்டியது அதன் பருத்த ஊடை, அதாவது குறுக்கு நூல். கத்தரி பட்டதும் பிரிய ஆரம்பிக்கும். வெட்டும் கோட்டின் இருபுறமும் இரண்டு வரி தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டி, ஓரத்துக்குப் பைப்பிங் கட்டினால் நிற்கும். இதைப் பாரம் தாங்கும் இடத்தில் வைக்காதீர்கள், மடித்து மடித்துத் தைத்தால் வீட்டு மெஷினின் பாதத்துக்கு அடியில் நுழையவும் செய்யாது. கேன்வாஸ்மேல் அழகுக்கு ஒரு முகப்பாக வைப்பதே சரி. தோழிக்கும் அப்படித்தான், சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட முகப்பு.

சிவப்பு என்றதும் சாயம். அவள் உடுத்துவது வெள்ளைச் சேலை. நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஜமுக்காளத்தை அழுத்திப் பத்துத் தடவை தேய்த்தால் இளஞ்சிவப்பு ஒட்டியது. உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும்போது நூலில் பிடிக்க உப்பு உதவும். தறியிலிருந்து வந்த பிறகு உப்பும் வினிகரும் ஒன்றும் செய்யாது. ஒட்டாத சாயத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்றுவதுதான் வழி, தண்ணீர் தெளியும்வரை. (வெளியேறும் சாயம் எங்கே போய்ச் சேரும் என்று, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) அதற்குப் பிறகும் முதுகுப் பக்கத்துக்குச் சாயமே போடாத கேன்வாஸைத்தான் வைத்தேன்.

"பருத்திப் பை" என்று வாங்குவதன் உள்ளே பாதி நேரம் நான்-ஓவன் அட்டைத்துணி இருக்கும். அது பாலிபுரோப்பிலீன், பச்சையாகச் சொன்னால் பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு சிறு துணுக்கை வெட்டிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது உருகி மணியாகத் திரளும். நான்-ஓவன் கைப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. துணி மாதிரி இருக்கிறது என்பதாலேயே பலர் அதை மஞ்சப்பை வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள்.

காசு விஷயம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. துணி, வார், ஜிப், கூலி என்று நாலு வரி எழுதிக் கையில் கொடுத்தேன். கூலியில் கொஞ்சம் குறைத்தது என் இஷ்டம், ஆனால் அந்த வரியை அழிக்கவில்லை. தோழிக்குச் சும்மா தைத்துக் கொடுத்தால் வார் நீளம் சரியில்லை என்று சொல்ல அவளுக்கே கூச்சமாகிவிடும். காசு கொடுத்தவள் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு இஞ்ச் தூக்கிக் கட்டு புள்ள" என்றாள். அதற்காகவே வாரில் பக்கிள் விட்டிருந்தேன், எப்படி ஏற்றி இறக்குவது என்று காட்டி அனுப்பினேன்.

ஜிப் பற்றி ஒன்று. பல் ஏறாமல் வாயைப் பிளந்தால் ஜிப் முழுக்கப் போய்விட்டது என்று பையைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர்தான். பழைய ரன்னரைக் கழற்றிக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் பின்பக்கம் பொதுவாக ஒரு எண் இருக்கும். 5 என்றிருந்தால் 5தான் வாங்க வேண்டும், நைலான் சுருள் ஜிப்பா உலோகப் பல்லா என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.